தாயமும் கடனும்: தான ஆவணங்களில் சொல்லாது விடப்பட்ட பொருள்

பெற்றோர் நோயுற்றுப் படுத்த காலத்தில் அவர்தம் உடைமை குறித்து மக்களிடையே எழும் பூசல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அது வழக்கறிஞர்க்கும் நீதிமன்றத்திற்கும் உரிய பொருள் என்றே பலரும் கருதுவர். தமிழ் பயில்வார்க்கு அதில் ஆராய்தற்கு யாதுளது என்று வினவுதலும் இயல்பே. ஆயின் அப்பூசல்களுட் பல ஓர் ஆவணத்தின் சொற்பொருளைப் பற்றியே நிகழ்கின்றன. அவ்வாவணம் தமிழில் எழுதப்படுகின்றது. எழுதுவிப்போரும் பெறுவோரும் அதன் தமிழை முற்றும் உணராமலே ஒப்பமிடுகின்றனர். சொல்லுக்குப் பொருள் காண்டல் நம் தொழிலாதலின், இத்துறையில் நாம் கூறத்தக்கதும் சிறிது உண்டு. அதனைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு யான் புகுந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. அதனை மறையாது கூறுதல் முறை. யான் வாழும் அத்திப்பட்டு, திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரி வட்டத்தில், எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடைப்பட்ட ஊர். ஒருகால் நெல்வயலும் ஏரியுமாக விளங்கிய இப்பகுதியில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதற்பகுதி 1994-இல் இயங்கத் தொடங்கிற்று. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பெற்றது. வடக்கே கும்மிடிப்பூண்டி வரை ஆலைகள் பெருகின. நிலத்தின் விலை உயர்ந்தது. அதனோடு, எழுதாத நிலத்தை எழுதிவைத்தல் வேண்டும் என்னும் அவசரமும் உயர்ந்தது. தமிழாசிரியர் என்னும் முறையில் என்னிடம் ஆவணங்களைக் கொணர்ந்து, படித்துப் பொருள் சொல்லுமாறு கேட்போர் ஊரில் பலர்.

2018-ஆம் ஆண்டில் அவ்வாறு என்னை அழைத்தவர் முதியவர் ஒருவர், உழுதொழிலர். வலப்பக்கம் வாதத்தால் செயலற்றுக் கிடந்தார். ஆண்மக்கள் இருவர்; மகள் ஒருத்தி. எஞ்சிய வீட்டையும் சிறிதளவு நிலத்தையும் தாம் தங்கியிருந்த மூத்த மகனுக்குத் தான செட்டில்மென்டாக எழுதிக் கொடுக்க இசைந்திருந்தார். யான் ஆவணத்தை முழுதும் படித்தேன். கேட்டு முடித்தபின் அவர் ஒன்றே வினவினார்: “கடைசி வரைக்கும் என்னைப் பார்த்துக்கொள்வான் என்று இதிலே இருக்கிறதா, தம்பி?” யான் ஆவணத்தை மறுபடியும் நோக்கி, “அன்பினாலும் பிரியத்தினாலும் என்று இருக்கிறது, ஐயா” என்றேன். அவர் நிறைவுற்றார். மறுவாரம் இடக்கைப் பெருவிரல் பதித்தார்.

மூன்றாண்டு கழிந்தபின் அவர் பொன்னேரியில், யாதொரு பங்கும் பெறாத மகள் வீட்டில் கிடந்தார். மருந்துச் செலவு யாருடையது என்று ஆண்மக்கள் இருவரும் வழக்கிட்டனர். இளையவன், “எழுதி வாங்கியவன் பார்க்கட்டும்” என்றான். மூத்தவன், “பார்ப்பதாக எங்கே எழுதியிருக்கிறது?” என்றான். மூத்தவன் கேட்ட வினாவிற்கு விடை கூறக் கடமைப்பட்டவன் யான். ஏனெனில், இருக்கிறது என்று முதியவரிடம் குறிப்பால் கூறியவன் யானே.

1. ஆவணத் தமிழ்

தந்தையோ தாயோ தம் உடைமையைத் தம் வாழ்நாளிலேயே மக்களுள் ஒருவர்க்கு மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தைச் செட்டில்மென்ட் பத்திரம் என்றும், தான செட்டில்மென்ட் என்றும் மக்கள் வழங்குவர். இறந்தபின் செல்லுமாறு எழுதப்படுவது உயில். ‘உயில்’ என்பது ஆங்கிலச் சொல் தமிழ் ஒலிமரபிற்கு இயைய உகர முதலாகத் திரிந்து நின்றது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. உயிலை எழுதியவர் தெளிந்த அறிவுடன் உயிரோடிருக்குங்காறும் மாற்றலாம், நீக்கலாம். செட்டில்மென்ட் பதிவுற்று ஏற்கப்பட்டவுடனே உடைமை கைம்மாறிவிடும். கொடுத்தவர் பின்னர்த் தம் விருப்பம் ஒன்றாலேயே அதனை நீக்க இயலாது. மன்றத்தையோ தீர்ப்பாயத்தையோ நாடல் வேண்டும்.

இத்துணை வலிமை வாய்ந்த ஆவணத்தின் நடையைக் காண்போம். பெரும்பாலான செட்டில்மென்ட் பத்திரங்களில் ஒரே வகையான தொடர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. “தங்கள் மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும், தங்கள் எதிர்கால நன்மையை உத்தேசித்தும்” என்பது காரணத் தொடர். “இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்” என்பது கொடைத் தொடர். “புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்பது உரிமைத் தொடர். “எக்காலத்தும் எக்காரணத்தாலும் ரத்து செய்ய எனக்கு அதிகாரமில்லை” என்பது விலக்குத் தொடர்.

இவற்றுள் உரிமைத் தொடர் பழமை வாய்ந்தது. பிற்காலச் செப்பேடுகளிலும் கல்வெட்டுக்களிலும், கொடுத்தற்கும் மாற்றுதற்கும் விற்றற்கும் தக்கதாக என்னும் பொருளில் இதனையொத்த வாய்பாடு வழங்கியுள்ளது. பெறுவோன் அவ்வுடைமையை எவ்வெவ்வாறு பயன்கொள்ளலாம் என்பதனை இத்தொடர் ஒன்றொன்றாக எண்ணிக் கூறுகின்றது. கொடுப்போன் இழப்பதனை விலக்குத் தொடர் ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகின்றது. பெறுவோன் செய்யக் கடவது யாது என்பது மட்டும் எங்கும் கூறப்படவில்லை. அதனை உணர்த்துவதாகக் கொள்ளத்தக்க சொற்கள் ‘அன்பு’, ‘பிரியம்’ என்னும் இரண்டே. உரிமை வெளிப்படையாகவும் கடமை குறிப்பாகவும் நிற்றலே இவ்வாவணங்களின் இயல்பு. பூசலுக்கு வித்து இதுவே.

2. தாயம் என்னும் சொல்

வழிவழி வரும் உடைமையைத் தமிழ்ப் பழநூல்கள் தாயம் என்று வழங்கும். தொல்காப்பியப் பொருளதிகாரத்துப் பொருளியலிலேயே இச்சொல் வந்துள்ளது. அத்தாயத்திற்கு உரிமை பூண்ட சுற்றத்தார் தாயத்தார், தாயாதியர் எனப்பட்டனர். ‘தாயாதி’ என்றவுடன் உறவினும் பகையே இன்று நினைவிற்கு வருதல், இவ்வுடைமை எத்துணைக் காலமாகப் பூசலுக்கு நிலைக்களமாக இருந்துள்ளது என்பதனைப் புலப்படுத்தும்.

தாயம் என்பது பேறு மட்டுமோ, சுமையும் ஆமோ என்னும் வினாவைச் சோழன் நலங்கிள்ளி புறநானூற்று 75-ஆம் பாட்டில் எழுப்பியுள்ளான். முன்னோர் ஒருவர்பின் ஒருவராக மாய்ந்தமையால் ஊழ் கொணர்ந்து தந்த பழைய தாயம் என்று அரசுரிமையைக் குறிக்கின்றான். அது சிறியோன் கையுறின் அவனாற் பொறுக்கலாகாத கனமுடையதாகும். ஆற்றல் மிக்க விழுமியோன் கையுறின் கோடையில் உலர்ந்த கிடைத்தண்டு போல மிக நொய்தாகும் என்பது அவன் கருத்து. ஈண்டு நோக்கத்தக்கது, தாயத்தை அவன் எடையால் அளந்தமையாகும். அதன் வருவாயையோ பரப்பையோ அவன் கூறினானல்லன். தாயத்தைப் பெறுதல் என்பது சுமத்தல் என்றே அவன் கண்டான்.

பெற்றோரும் மக்களும் தாயம் காரணமாக மாறுபட்ட வரலாறும் புறநானூற்றிலேயே உண்டு. கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேற் போருக்கெழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் அவனைத் தடுத்துப் பாடியது 213-ஆம் பாட்டு. நீ இவ்வுலகை நீத்தபின் இவ்வரசு எவர்க்கு உரியதோ அவரே உன்னை எதிர்ப்போர்; அவர் தோற்றால் உன் செல்வத்தை எவர்க்கு விட்டுச் செல்வாய், நீ தோற்றால் பகைவர் மகிழ்வரல்லரோ என்பது புலவர் வாதத்தின் சாரம். இரு முடிவும் இழப்பே என்று காட்டி அவனைப் போரினின்றும் மீட்க முயன்றார். பின்னர் அவன் வடக்கிருந்து உயிர்நீத்தான். தந்தைக்கும் மைந்தர்க்கும் இடைப்பட்ட உடைமை வழக்கில் வெற்றி என்பதொன்று இல்லை என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

தாயத்தோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பிறிதொரு சொல் ‘கடன்’. சங்க நூல்களில் அது செயற்பாலதாகிய கடமையைக் குறித்தது. புறநானூற்று 312-ஆம் பாட்டில் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் உரிய கடன்களைப் பொன்முடியார் வரிசைப்படுத்தியமை யாவரும் அறிந்தது. திருப்பித் தரவேண்டிய பொருளையும் அச்சொல்லே குறிக்கும். செய்ய வேண்டியதும் கொடுக்க வேண்டியதும் தமிழில் ஒரே சொல்லால் வழங்குதல் கருதத்தக்கது. தாயம் பெறுவோன் கடன் ஏற்பான் என்னும் எண்ணம் சொல்லளவிலேயே நம் வழக்கிற் கலந்துள்ளது. ஆயினும் செட்டில்மென்ட் பத்திரத்தில் தாயம் நின்று, கடன் நீங்கியது.

3. கடனை எழுதிவைத்த ஆவணங்கள்

அன்பினாற் கொடுக்கும் கொடையில் கடமையைக் குறித்து எழுதுதல் அன்புக்கு இழுக்காகும் என்று கூறுவார் உளர். “பெற்ற பிள்ளையிடம் கட்டளை எழுதி வாங்குவதா?” என்று பெற்றோரே நாணுவர். இக்கூற்றுக்கு நம் கல்வெட்டுக்களே விடை பகர்கின்றன.

சோழர் காலத்துக் கோயில்களில் நந்தா விளக்கெரிக்க ஆடு வழங்கிய செய்திகள் மிகப் பல. ஒரு விளக்கிற்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடு என்பது பெருவழக்கு. அவ்வாடுகளைப் பெற்ற இடையர் நாடோறும் உழக்கு நெய் அளக்கக் கடவர் என்று கல்லில் வெட்டினர். ஆடுகள் சாவாமல் மூவாமல் எண்ணிக்கை குறையாதிருத்தல் வேண்டும் என்பதனை ‘சாவா மூவாப் பேராடு’ என்னும் அழகிய தொடராற் குறித்தனர். அத்திப்பட்டிற்குத் தெற்கே, அதே இருப்புப்பாதையில் அமைந்த திருவொற்றியூர்த் திருக்கோயிலிலும் விளக்குக் கொடை கூறும் கல்வெட்டுக்கள் உள்ளன. இக்கொடைகளும் அன்பினால் எழுந்தவையே. இறைவன்மாட்டுக் கொண்ட அன்பினை ஐயுற்று எவரும் அளவை எழுதினாரல்லர். கொடுத்தவர் மறைந்தபின்னும் விளக்கு அவியாதிருத்தல் வேண்டும் என்றே எழுதினர். கொடையும் கடமையும் ஒரே கல்லில் அருகருகே நின்றமையால், பின்வந்தோர் எவரும் அதன் பொருள்பற்றி வழக்கிட வேண்டிய நிலை குறைந்தது.

இறைவனுக்கு எரியும் விளக்கிற்கு உழக்கு நெய் என்று வரையறுத்த நாம், ஈன்றவர்க்கு இடும் உணவிற்கும் மருந்திற்கும் அளவு எழுத நாணுகின்றோம். இஃது அன்பின் மிகுதியன்று; எழுத்தின் குறைபாடேயாகும்.

கடமையும் வழிவழி வரும் என்பதற்குப் பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் சிறந்த சான்று. நம்பியாரூரர் மணப்பந்தரில் முதியவராய் வந்த இறைவன் காட்டியது ஓர் ஆளோலை. பாட்டனார் தாமும் தம் வழியினரும் அடிமை என்று எழுதிக் கொடுத்தது அது. ஆரூரர் அதனைக் கிழித்தெறிந்தார். முதியவரோ மூலவோலை வேறு உண்டு என்று திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டினார். அவையத்தார் எழுத்தை வேறோர் ஓலையோடு ஒத்துநோக்கி உண்மை கண்டனர். பாட்டன் எழுதிய கடமை பேரனைப் பற்றியது. அங்ஙனம் பற்றுதற்கு ஓலையில் அது வெளிப்பட நின்றதே காரணம். சேக்கிழார் இவ்வரலாற்றில் சான்றாவணத்தின் வலிமையை எத்துணைக் கூர்மையாக அறிந்து பாடியுள்ளார் என்பது தனியே ஆராய்தற்குரியது.

4. எழுதாத உரிமையின் இடர்

எழுதாதவிடத்து நேர்வது யாது என்பதனைப் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து ‘மாமனாக வந்து வழக்குரைத்த படலம்’ காட்டுகின்றது. மதுரை வணிகன் தனபதி மகப்பேறில்லாதவன். தங்கை மகனைத் தன் மகனாக வளர்த்தான். தங்கை ஒருநாள் வெகுண்டு, அவன் மகனற்றவன் என்று இகழ்ந்தாள். அதனால் உளம் நொந்த தனபதி தன் பொருளையெல்லாம் அம்மருகனுக்கு ஆக்கிவிட்டு மனைவியோடு தவம் செய்யப் போயினான். அவன் நீங்கியபின் தாயத்தார் வழக்கிட்டு உடைமையைக் கவர்ந்தனர். கைம்பெண்ணாகிய தாய் சொக்கலிங்கப் பெருமான் திருமுன் சென்று முறையிட்டாள். இறைவன் தனபதியின் வடிவில் வந்து அவையில் வழக்குரைத்தான். நீ தனபதி அல்லை என்று தாயத்தார் மறுத்தபோது, குலத்தாரின் வரலாறுகளை எடுத்துக்கூறித் தன்னை நிறுவினான். உடைமை சிறுவனுக்கு மீண்டது.

இக்கதையில் இரண்டு நுட்பங்கள் உள. ஒன்று, பூசல் தொடங்கியது பொருளாலன்று, ஒரு சொல்லால் என்பது. நோயாளியின் கட்டிலருகே இன்றும் நிகழ்வது அதுவே. எவர் எத்தனை நாள் பார்த்தார், எவர் எத்துணைச் செலவிட்டார் என்னும் சுடுசொற்களே பின்னர் வழக்காக வளர்கின்றன. மற்றொன்று, கொடுத்தவனே வந்து தன் கருத்தைக் கூறினாலன்றி வழக்குத் தீரவில்லை என்பது. கொடுத்தவன் கருத்தை எழுத்துத் தாங்காதபோது கொடுத்தவனே சான்றாக வருதல் வேண்டும். இறந்தவர்க்கும் நினைவிழந்தவர்க்கும் அஃது இயலாது. மாமன் வடிவில் இறைவன் வருவான் என்று எல்லாரும் எதிர்நோக்கியிருத்தல் கூடுமோ?

யாழ்ப்பாணத்துத் தமிழர் இவ்வகையில் முற்பட்டுள்ளனர். அவர்தம் வழக்குகளை ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அலுவலர் 1707-இல் தொகுத்தெழுதினார். அத்தொகுப்பே தேசவழமை. உடைமையை அது முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாக வகுத்தது. பெற்றோர் வாழுங்காலத்து ஆண்மக்கள் பங்கு கேட்டல் ஆகாது என்பது அதன் கோட்பாடுகளுள் ஒன்று. பெற்றோரின் கடன்களை மக்கள் தீர்த்தல் வேண்டும் என்பதும் அதன்கண் உண்டு. பேறும் கடனும் அங்கு ஒருங்கே எழுத்தேறின.

5. அன்பு என்னும் சொல்லுக்கு மன்றங்கள் கண்ட பொருள்

இந்திய நாட்டில் முதியோர் பாதுகாப்பிற்கெனப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007-இல் இயற்றப்பெற்றது. அதன் 23-ஆம் பிரிவு நம் ஆராய்ச்சிக்குரியது. மூத்த குடிமகன் ஒருவர், தமக்கு அடிப்படை வசதிகளும் தேவைகளும் அளிக்கப்படல் வேண்டும் என்னும் நிபந்தனையோடு உடைமையை மாற்றிக்கொடுத்து, பெற்றவர் அதனைச் செய்யத் தவறினால், அக்கொடை வஞ்சனையாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ பெறப்பட்டதாகக் கொள்ளப்படும். கொடுத்தவர் விரும்பின் தீர்ப்பாயம் அதனைச் செல்லாததாக அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்ட அளவில் இத்தீர்ப்பாயம் இயங்குகின்றது. அத்திப்பட்டினர்க்கு அது பொன்னேரிக் கோட்டம்.

‘நிபந்தனையோடு’ என்னும் சொல்லே வழக்கின் நடுவிடமாயிற்று. நிபந்தனை ஆவணத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டுமோ, அன்றிக் குறிப்பால் உணரப்படினும் அமையுமோ? 2022 டிசம்பர் 6-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அரியானா மாநிலத்து வழக்கொன்றில், நெருங்கிய உறவினர்க்கு முதியோர் உடைமையை மாற்றுங்கால் பராமரிப்பு நிபந்தனை தானே உடன்வருவதில்லை என்று கூறிற்று. அன்பினாலும் பற்றினாலும் கைம்மாறு கருதாது கொடுத்தலே பெரும்பான்மை என்பது அம்மன்றத்தின் கருத்து. நிபந்தனை உண்டென்பார் அதனை நிறுவுதல் வேண்டும்.

2025 சனவரி 2-ஆம் நாள் அதே உச்சநீதிமன்றம், மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் வழக்கில், இச்சட்டம் முதியோர் நலத்திற்கு எழுந்ததாகலின் அந்நோக்கம் கெடாதவாறு தாராளமாகப் பொருள் கொள்ளல் வேண்டும் என்றது. கொடை ஆவணத்தோடு மகன் எழுதிக் கொடுத்த வாக்குறுதித் தாள் அவ்வழக்கில் கருதப்பெற்றது. உடைமை தாய்க்கு மீண்டது. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை உயர்நீதிமன்ற இருநடுவர் அமர்வு, நாகப்பட்டினத்துத் தாய் ஒருவர் வழக்கில் மேலும் தெளிவாகக் கூறிற்று. எண்பத்தேழு ஆண்டு நிரம்பிய அவ்வம்மையார், பெண்மக்கள் இருந்தும் உடைமையை ஒரே மகனுக்குச் செட்டில்மென்ட் செய்தவர். மகனும், அவன் மறைந்தபின் மருமகளும் தம்மைப் பேணவில்லை என்று கோட்டாட்சியரிடம் முறையிட்டார். கோட்டாட்சியர் செட்டில்மென்ட்டை நீக்கினார். அதனை உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. அன்பும் பற்றும் காரணமாகக் கொடுத்தேன் என்னும் போதே பேணுதல் என்னும் நிபந்தனை அதனுள் அடங்கியது. அது வெளிப்பட எழுதப்பட்டிருத்தல் வேண்டுவதில்லை என்பது அத்தீர்ப்பின் முடிபு.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ‘அன்பு’ என்னும் ஒரே சொல் 2022-இல் நிபந்தனையின்மைக்குச் சான்றாயிற்று. 2025-இல் நிபந்தனைக்குச் சான்றாயிற்று. அத்திப்பட்டு மூத்த மகன் கொண்ட பொருள் முன்னையது. அவன் தந்தைக்கு யான் கூறிய பொருள் பின்னையது. இருபொருளும் அச்சொல்லில் உண்டு.

6. வினை, இனம், சார்பு

ஒரு சொல் பலபொருள் தருமிடத்து எதனைக் கொண்டு துணிதல் வேண்டும் என்பதற்குத் தொல்காப்பியர் சொல்லதிகாரக் கிளவியாக்கத்தில் விதி கூறியுள்ளார். வினையும் இனமும் சார்பும் பொருளைத் துணிவிக்கும் என்பது அவ்விதி. பெயரியலில், சொற்பொருள் வெளிப்படையாகத் தோன்றுதலும் குறிப்பாகத் தோன்றுதலும் உண்டு என்றும் ஓதியுள்ளார். இவை செய்யுட்கும் வழக்கிற்கும் ஒப்பன. ஆவணத்திற்கு இவற்றைப் பொருத்திப் பார்ப்பதில் குற்றமில்லை.

இனம் நோக்குவோம். ஆவணத்தில் ‘அன்பு’ என்பதற்கு இனமாக நிற்பன சுவாதீனம், சர்வ சுதந்திரம், ரத்து செய்ய அதிகாரமின்மை முதலியன. அனைத்தும் முழுக்கொடையையே வலியுறுத்துவன. இனம் ஒன்றையே கொண்டு துணியின், அன்பு என்பது கைம்மாறு கருதாக் கொடைக்குக் காரணமாகவே நிற்கும். இனிச் சார்பு நோக்குவோம். கொடுத்தவர் முதுமையுற்றவர், நோயாளி, பெற்றவன் இல்லத்தில் வாழ்பவர், மற்றை மக்களை விடுத்து ஒருவனுக்கே கொடுத்தவர். தம் உணவிற்கும் மருந்திற்கும் வேறு வழியின்றி எல்லாவற்றையும் கொடுத்துவிட ஒருவர் துணிவரோ? ஆதலின் அன்பு என்பது பேணுதலை உள்ளடக்கியதாகவே நிற்கும். வினை, அதாவது ஆவணத்திற்குப்பின் பெற்றவன் எவ்வாறு நடந்தான் என்பதும், அவன் எப்பொருளில் அதனை ஏற்றான் என்பதனைக் காட்டும். நாகப்பட்டினத்து வழக்கின் முடிபு சார்பையும் வினையையும் நோக்கியது எனலாம்.

எனவே, குறிப்புப்பொருள் கொள்ளுதல் தமிழ் மரபிற்கு ஒத்ததே. ஆயின் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. செய்யுளில் குறிப்பை உணர்வோன் ஆர்வமுடைய கற்போன். உணராவிடின் இழப்பு அவனதே. ஆவணத்தில் குறிப்பை மறுப்பவனுக்கு அம்மறுப்பால் ஊதியம் உண்டு. இழப்போ படுக்கையிற் கிடப்பவர்க்கு. குறிப்பை நிறுவ அவர் மனுவெழுதி, கோட்டத்திற்குச் சென்று, மேல்முறையீடு வந்தால் அதற்கும் நிற்றல் வேண்டும். அதற்குள் காலன் முந்துதலும் கூடும். யான் குறிப்பிட்ட முதியவர் மனுவெழுத இசைந்தாரல்லர். “பெற்றவனை எதிர்த்துக் கைநாட்டு வைக்க மாட்டேன், தம்பி” என்றார். 2022-இல் மகள் வீட்டிலேயே உயிர்நீத்தார். எயிற்றியனார் கோப்பெருஞ்சோழனுக்குக் கூறிய அறிவுரையை அவர் கேளாமலே அறிந்திருந்தார் போலும்.

7. மகளிர் பங்கும் மகளிர் பணியும்

ஈண்டு மகளைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். கூட்டுக்குடும்பத்து முன்னோர் உடைமையில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்பதனைத் தமிழ்நாடு 1989 மார்ச்சு 25 முதல் நடைமுறைப்படுத்திற்று. ஆயின் அந்நாளுக்கு முன் மணமான பெண்கள் அதனுள் அடங்கவில்லை. நடுவண் சட்டத் திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் அவ்வேற்றுமையைப் போக்கிற்று. அந்நாளில் தந்தை உயிரோடிருத்தல் வேண்டும் என்பதில்லை என்று 2020 ஆகத்து 11-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது.

இச்சட்டங்களுக்குப் பின்னும், தம் சுய உழைப்பால் ஈட்டிய உடைமையை ஆண்மகனுக்கே செட்டில்மென்ட் செய்தல் எங்கள் பகுதியில் நீங்கவில்லை. அதற்குத் தடையும் இல்லை. பங்கு மகனுக்குச் செல்ல, பணி மகளுக்குச் செல்லுதல் யான் கண்ட குடும்பங்கள் சிலவற்றில் நிகழ்ந்தது. தாயம் ஓரிடத்தும் கடன் பிறிதோரிடத்தும் தங்குதலின் கண்கூடான வடிவம் இதுவே. உடன்பிறந்தாரிடைப் பகையை இதுபோல் வளர்ப்பது வேறில்லை.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. தாயம் என்பது பேறும் சுமையும் ஒருங்கே உடையது என்பதே தமிழர் பழைய கருத்து. கடமையை அளவோடு எழுதிவைக்கும் மரபும் நம்மிடை இருந்தது. இற்றை நாட் செட்டில்மென்ட் பத்திரம் உரிமையை வெளிப்படையாகவும் கடமையைக் குறிப்பாகவும் கூறுதலின், அக்குறிப்பே பூசலுக்கு இடமாகின்றது. மன்றங்கள் குறிப்பிற்கு நல்ல பொருள் கண்டிருப்பது போற்றத்தக்கதே. எனினும் வலியற்றோர் குறிப்பை நம்பி வாழ்தல் இடர்.

ஆதலின், படித்துச் சொல்லுமாறு நம்மிடம் ஆவணம் வரும்போது, காரணத் தொடரை அடுத்து ஒரு தொடர் உளதா என்று நோக்குதல் நம் கடனாகும். அத்தொடர் இவ்வாறு எளிய தமிழில் அமையலாம்: “என் ஆயுள் உள்ளவரை எனக்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் தங்கள் செலவில் தருவீர்கள் என்னும் நிபந்தனையின் பேரிலேயே இதனைக் கொடுக்கிறேன், தவறினால் இக்கொடை என் விருப்பப்படி செல்லாததாகும், என் ஆயுள்வரை இவ்வீட்டில் வசிக்கும் உரிமை எனக்கே உண்டு.” இதனைத் தத்தம் நிலைக்கேற்ப வழக்கறிஞரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுதல் தக்கது. உயிலே போதுமாயின் உயிலோடு அமைதலும் நன்று. மக்கள் அனைவரையும் ஒருங்கு வைத்துப் படித்துக் காட்டுதல் அதனினும் நன்று.

அன்று அம்முதியவர் வினாவிற்கு யான் அளித்த விடை இலக்கணத்தால் பிழையன்று. ஆயினும் அது விடையன்று. “இல்லை, ஐயா, எழுதச் சொல்லுங்கள்” என்பதே விடை. இந்நான்கு சொற்களை யான் கூறியிருப்பின் மூத்த மகன் அன்றே அதற்கு இசைந்திருப்பான் என்றே இன்றும் எண்ணுகின்றேன். அன்று அவன் கெட்டவனல்லன். எழுத்தில் இல்லாத கடமை ஆண்டுதோறும் மெலிந்து தேயும். எழுதியதோ, விளக்கிற்கு அளந்த நெய்போல, நாடோறும் நினைவுறுத்தும்.